தானே ஓடும் வண்டி யாருக்காக ஓடும்?

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகளைப் பற்றி இப்போது பட்டணங்களில் மாத்திரமல்லாமல், டி. கல்லுப்பட்டி போன்ற ஊர்களின் டீக்கடைகளிலும் பேச்சு நடக்கின்றது. இப்பேச்சில் கலந்து கொள்ளுகின்றவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். ஒரு கட்சியார், "மனிதன் கை படாமல் வண்டி ஓடுவதாவது, கலி முற்றிவிட்டது" என்று பயப்படுகின்றவர்கள். மற்றொரு கட்சியார், "அமெரிக்காவில் வந்துவிட்டது, நமக்கும் வந்துவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது" என்று பூரித்துப் போகின்றவர்கள். முன்னவர்கள் இயந்திரத்தைப் பேய் என்கின்றார்கள். பின்னவர்கள் அதையே சாமி என்கின்றார்கள். பேய் என்றாலும் சாமி என்றாலும் ஆராய்ச்சிக்கு அங்கே வேலையில்லை. நம்மைப் பொறுத்தவரை இயந்திரம் மனிதன் செய்த ஒரு கருவியே தவிர வேறல்ல. ஆதலால் அதைப் பற்றி நாம் கேட்க வேண்டியதெல்லாம், அது யார் கைக் கருவி, யாருக்காக வேலை செய்யப் போகின்றது என்பதேயாகும்.

முதலாவதாக, இது நேற்று முளைத்த அதிசயமல்ல என்பதைப் பாமர மக்கள் தெரிந்து கொள்ள வேண்டும். ஜப்பான் தேசத்துக் கோபே நகரத்தில் 1981-ம் வருஷத்திலேயே டிரைவர் இல்லாத ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பிரான்சிலே லில் என்னும் ஊரில் 1983-ல் வந்தது. கோலாலம்பூரில் 1998-லும், சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதையில் 2003-லும் வந்தன. நமது மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து போய் அங்கே பிழைக்கின்ற தமிழர்கள் எத்தனையோ பேர் தினந்தோறும் அவ்வண்டிகளில் ஏறி வேலைக்குப் போய்வருகின்றார்கள். அவர்களில் ஒருவராவது சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறுவதாக நாம் கேள்விப்படவில்லை. டில்லியில் 2020-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இந்த மாதிரி ரயில் ஆரம்பிக்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் இரண்டாவது கட்டத்துக்கென்று செய்யப்பட்ட டிரைவர் இல்லாத ரயில்களில் முதலாவது வண்டி 2024 அக்டோபரில் பூந்தமல்லி டிப்போவுக்கு வந்து சேர்ந்து, 2025 மார்ச்சில் பாதையின் மேல் ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஆகவே இது தமிழ்நாட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட காரியமாகும்.

இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ரயிலுக்குத் தனிப்பாதை உண்டு; குறுக்கே ஆடு மாடு வருவதில்லை. முன்னால் போகும் வண்டி எங்கே இருக்கின்றது, எவ்வளவு வேகத்தில் போகின்றது என்கின்ற விவரத்தைக் கம்பியில்லாத் தந்தி மூலம் கம்ப்யூட்டர் ஓயாமல் தெரிந்து கொண்டு, பின்னால் வரும் வண்டியின் வேகத்தைக் கூட்டுகின்றது, குறைக்கின்றது. மாடி வீடுகளில் லிப்ட் வந்த புதிதில் அதை இயக்குவதற்கென்று ஒரு சம்பளக்காரர் உள்ளே உட்கார்ந்திருப்பார். இன்று பட்டனை அமுக்கி நாமே ஏறி இறங்குகின்றோம். லிப்ட் மேலும் கீழும் போகின்றது, இந்த ரயில் முன்னும் பின்னும் போகின்றது. அடிப்படையில் இரண்டும் ஒரே மாதிரி காரியமே.

நிற்க, ரோட்டிலே ஓடும் வண்டியின் சங்கதி வேறு. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2020 அக்டோபர் முதல் வேமோ என்னும் கம்பெனி டிரைவர் இல்லாத வாடகைக் கார்களைப் பொதுஜனங்களுக்கு ஓட்டி வருகின்றது. வண்டியின் மேலிருக்கும் லேசர் கதிரும், காமிராவும், ரேடாரும் நாலு பக்கத்தையும் பார்த்துச் சொல்ல, உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்கின்றது. ஆனால் அதே பீனிக்ஸை அடுத்த டெம்பேயில் 2018 மார்ச்சில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனைக்கு விடப்பட்ட ஒரு கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு அம்மாளை மோதிக் கொன்றுவிட்டது. எதிரே ஏதோ இருக்கின்றதென்று இயந்திரம் பார்த்தது. அது இன்னதென்று நிச்சயிக்க அதனால் முடியவில்லை. காவலுக்கென்று உட்கார்த்தப்பட்டிருந்த ஆளும் ரோட்டைப் பார்க்கவில்லை. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கம்பெனியின் காரின் கீழ் ஒரு பெண் சிக்கி இழுபட்ட பிறகு, அக்கம்பெனியின் அனுமதியையே கலிபோர்னியா சர்க்கார் நிறுத்தி வைத்தது. இயந்திரம் தவறு செய்தால் சர்க்கார் அதன் காதைப் பிடித்துக் கேட்கலாம் என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

நமது ரோட்டை எண்ணிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் மக்காச்சோளமும் கம்பும் தார் ரோட்டின் மேலேயே காய்கின்றன. ஆட்டு மந்தை குறுக்கே வருகின்றது. டிராக்டர் எதிர்த் திசையில் வருகின்றது. சாமி ஊர்வலம் வந்துவிட்டாலோ ரோடே மறைந்து போகின்றது. பீனிக்ஸில் படித்த பாடத்தை வைத்துக்கொண்டு கல்லுப்பட்டிச் சந்தை நாளில் அந்த வண்டி ஒரு பர்லாங் தூரம்கூடப் போகாது. நமது ரோட்டில் ஓட வேண்டுமானால் நமது ரோட்டிலே அது படிக்க வேண்டும். முதலில் தனிப்பாதையிலும், பிறகு குறைந்த வேகத்தில் குறிப்பிட்ட ரூட்டிலும் ஓடிக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு வெட்கமில்லை.

ஆனால், "இயந்திரத்தை நம்பி உயிரைக் கொடுப்பதா?" என்று கேட்கின்றவர்கள் இன்றைக்கு யாரை நம்பி உயிரைக் கொடுத்துக் கொண்டிருக்கின்றோம் என்பதையும் யோசிக்கட்டும். 2022-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் இந்தியாவில் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகின்றது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884. செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் மிதமிஞ்சிய வேகத்தினால் செத்தவர்கள் என்பதும் அதே கணக்குதான். இழவு வீட்டுக்குப் போனால், "தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்?" என்கின்றார்கள். விபத்து நடந்த இடத்திலேயே ஒரு பூசணிக்காயை உடைத்துவிட்டு, அதில் வழுக்கி இன்னொருவன் விழுவதற்கும் ஏற்பாடு செய்துவிடுகின்றார்கள். மிதமிஞ்சிய வேகம் தலையெழுத்தல்ல. அது முடுக்கியின் மேல் இருக்கும் காலின் எழுத்து. குடிக்காத, தூங்காத, போட்டிக்கு முந்தாத ஒரு இயந்திரம் இந்தச் சாவில் பாதியைக் குறைக்கக் கூடுமானாலும், அதைப் பரீட்சித்துப் பார்க்காமல் இருப்பதுதான் பாவம் என்போம்.

இனி டிரைவர்களின் ஜீவனத்தைப் பற்றிய ஆட்சேபணைக்கு வருவோம். இது அற்பமான ஆட்சேபணையல்ல. மத்திய சர்க்காரின் ரோடு மந்திரியாரான நிதின் கட்கரி அவர்கள், டிரைவர்களின் வேலை போய்விடும் என்று சொல்லி, டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்று 2017-லும், மறுபடியும் 2023-லும் அறிவித்தார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் டிரைவர்களின் பிழைப்பில் இவ்வளவு அக்கறை நாட்டில் இருக்குமானால், காலியான இடங்களை நிரப்புங்கள் என்றும், ஓய்வு பெற்றவர்களுக்குச் சேரவேண்டிய பஞ்சப்படியைக் கொடுங்கள் என்றும் கேட்டு 2024 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டிய அவசியம் எப்படி வந்தது? டிரைவரின் வயிற்றில் அடிப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர் வரவேண்டுமென்பதில்லை. ஒப்பந்தக் கூலியும், நிரப்பாத காலியிடமும், இரட்டை டூட்டியுமே போதுமானவை. இராத்திரி முழுதும் கண் விழித்து ஓட்டிவிட்டுக் காலையில் மறுபடியும் அதே சீட்டில் உட்கார வைக்கப்படுகின்ற மனிதனைக் கேட்டால், வேலை வேண்டும் என்பான். அந்த மாதிரி வேலைதான் வேண்டும் என்று சொல்லமாட்டான்.

இந்த டி. கல்லுப்பட்டியிலேதான் 1940-ல் ஏற்பட்ட காந்தி நிகேதன் இருக்கின்றது. கிராமக் கைத்தொழில்களுக்காகவே உழைத்த ஜே. சி. குமரப்பா அவர்கள் 1960-ல் காலமாவதற்கு முன் தமது கடைசி வருஷங்களை இங்கேதான் கழித்தார். பெரிய இயந்திரம் கிராமத்தான் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கிவிடும் என்று அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலையில் உண்மையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் மாட்டு வண்டிக்குத் திரும்புவதல்ல என்பதே நமது அபிப்பிராயம். மாட்டு வண்டிக் காலத்தில் ஏழைக்கு வேலை இருந்ததென்றால், அவனுக்கு ஓய்வும் இல்லை, படிப்பும் இல்லை, அவன் பெண்டாட்டி பிரசவ வலியோடு போய்ச்சேர ஆஸ்பத்திரியும் எட்டவில்லை. பாரிஸ் நகரத்தில் ஒன்றாம் நம்பர் சுரங்க ரயிலை 2012-க்குள் டிரைவர் இல்லாததாக மாற்றினார்கள். அங்கிருந்த டிரைவர்களை வீதியில் விடவில்லை. வேறு பாதைகளுக்கும் வேறு வேலைகளுக்கும் மாற்றினார்கள். அந்த நகரத்துத் தொழிலாளிக்குச் சங்கமும், சங்கத்துக்குப் பலமும் இருந்தன. ஆகவே டிரைவரைக் காப்பாற்றுவது இயந்திரத்துக்குப் போடும் தடையல்ல, தொழிலாளிகளின் கட்டுப்பாடு ஒன்றேயாகும்.

இனி இந்த வண்டியினால் நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஆகக்கூடிய லாபம் என்ன என்று பார்ப்போம். கல்லுப்பட்டிக்கு ரயில் கிடையாது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிப்புத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லத்துக்குப் போகும் பெரிய ரோட்டின் மேல் இந்த ஊர் இருப்பதால் பஸ்களைப் பார்ப்பதற்காவது கிடைக்கின்றது. பேரையூர்ப் பக்கமும் விருதுநகர்ப் பக்கமும் பிரியும் ரோடுகளையும் விட்டு உள்ளே போனால், நாளைக்கு இரண்டொரு தடவை வருகின்ற டவுன் பஸ்ஸே கதி என்றிருக்கும் கிராமங்களைக் காணலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது மெத்தவும் பாராட்டத்தக்கது. ஆனால் பஸ்ஸே வராத ஊரில் டிக்கெட் இல்லாமல் எதில் ஏறுவது? கடைசி பஸ் போய்விட்டால் மில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணும், காலேஜில் படிக்கும் பிள்ளையும் ஆட்டோவுக்கு அழவேண்டும். இல்லாவிட்டால் நடக்க வேண்டும்.

பஸ் ஏன் அடிக்கடி வருவதில்லை? ஐம்பது பேர் ஏறும் வண்டிக்கும் ஒரு டிரைவர். பத்துப் பேர் ஏறும் வண்டிக்கும் ஒரு டிரைவர். செலவில் பெரும் பாகம் ஆள் சம்பளமாக இருப்பதனால், பெரிய வண்டியை எப்போதோ ஒரு தடவை அனுப்புவதே கட்டுப்படி என்று கணக்குப் போடுகின்றார்கள். தானே ஓடும் சிறு வண்டி இந்தக் கணக்கை மாற்றக்கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் வண்டி அரைமணிக்கு ஒன்றாக, இராத்திரி பதினொரு மணிக்கும்கூட, உள்கிராமத்துக்குப் போய்வரலாம். டிரைவர் இல்லாத வண்டியினால் பொதுஜனங்களுக்கு ஏதாவது நன்மை உண்டென்றால் அது இதுவேயாகும். பணக்காரன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு போவதற்கு ஒரு கார் வருவது நமக்கு ஒரு செய்தியேயல்ல; அவன் இன்றைக்கும் டிரைவரை வைத்துக்கொண்டு தூங்கிக் கொண்டுதான் போகின்றான்.

ஆனால் இந்த நன்மை தானாக வந்துவிடாது. மதுரைக்கு மெட்ரோ ரயில் போடத் திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டு அனுப்பினார்கள். இருபது லட்சம் ஜனத்தொகை வேண்டும், அது அந்நகரத்துக்கு இல்லை என்கின்ற காரணத்தைக் காட்டி மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. மீனாட்சியின் மதுரைக்கே தலை எண்ணிக்கை போதவில்லை என்றால், பேரையூர்த் தாலுகாவின் தலைகளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? தனி முதலாளிகளிடம் விட்டுவிடலாமென்றால், 1997-ல் உள்கிராமங்களுக்கென்று கொண்டு வந்த மினி பஸ் திட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். லாபம் உள்ள ரோட்டில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு ஓடின. லாபமில்லாத கிராமம் காத்துக் கிடந்தது. முதலாளி முதலாளியாகத்தான் நடந்து கொள்ளுவான். அதற்காக அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பொதுக் காரியத்தை அவனிடம் கொடுத்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொரு சங்கதி உண்டு. மோட்டார் பஸ் இந்தச் சீமைக்கு வந்தபோதும், "இனி ஜாதி வித்தியாசம் ஒழிந்துவிடும், ஒரே பலகையில் எல்லோரும் உட்கார வேண்டியதுதானே" என்று சொன்னவர்கள் உண்டு. என்ன நடந்தது? காசு கொடுத்தாலும் ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்றார்கள் பஸ் முதலாளிகள். பெட்ரோலுக்கும் இஞ்சினுக்கும் ஜாதி தெரியவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரனுக்குத் தெரிந்திருந்தது. அப்போது, 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், பக்கத்து இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட்டார். அதன் பிறகே கதவு திறந்தது. பஸ் வந்ததனால் தீண்டாமை பஸ்ஸை விட்டுப் போய்விடவில்லை. உத்தரவு வந்ததனாலேயே போயிற்று.

போய்விட்டதா என்றால் அதுவும் முழுதாக இல்லை. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, தாழ்த்தப்பட்ட ஜாதியான் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலகம் செய்தார்கள். முடிவில் சர்க்கார் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. பெயர்ப் பலகையைக்கூடச் சகிக்க முடியாதவர்கள் வாழுகின்ற நாட்டில், காலனி ஸ்டாப்பில் கைகாட்டினால் நிற்காமல் போகின்ற பஸ்ஸைப் பற்றிய குறை இன்னும் கேட்கப்படுவதில் ஆச்சரியமென்ன?

இப்போது சொல்லுங்கள்: டிரைவர் இல்லாத வண்டி காலனி ஸ்டாப்பில் நிற்குமா, நிற்காதா? எழுதி வைத்தால் நிற்கும். எழுதி வைக்காவிட்டால் நிற்காது. இயந்திரத்துக்கு ஜாதித் திமிர் கிடையாது என்பது வாஸ்தவம். ஆனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுப்பவன் மனிதன். அவன் ஒரு ஆபீசில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான். நிற்காமல் போன டிரைவரை மறுநாள் மறித்து, "ஏன் அண்ணே நிறுத்தவில்லை?" என்று கேட்கலாம். ஆளில்லாத வண்டியை மறித்து யாரைக் கேட்பது? ஒரு டிரைவரின் துவேஷம் ஒரு பஸ்ஸோடு போகும். கம்ப்யூட்டருக்குள் எழுதி வைத்த துவேஷம் ஆயிரம் பஸ்ஸிலும் ஒரே நாளில் ஓடும். அதே சமயத்தில் இதில் ஒரு சௌகரியமும் இருக்கின்றது. மனிதன் மனத்திலிருப்பதைத் திறந்து பார்க்க முடியாது. வண்டிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவையோ பகிரங்கமாக எல்லோரும் படித்துப் பார்க்கும்படி செய்யலாம். படிக்கச் செய்வதும் மறைத்து வைப்பதும் வண்டி யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே நமது கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். தானே ஓடும் வண்டி வரட்டும். வருகின்றபோது முதலில் பொது வண்டியாக வரட்டும். 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டுப் பல தனியார் ரூட்டுகள் பொதுவுக்கு வந்த மாதிரி, இதுவும் ஆரம்பத்திலிருந்தே பொதுச் சொத்தாக இருக்கட்டும். நிற்கும் இடங்களும் நேரமும் கிராம சபையில் வாசித்துக் காட்டப்படட்டும். காலனி ஸ்டாப்பை விட்டுப் போகும் வண்டிக்கு, டிரைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரோட்டில் இடமில்லை என்று சட்டம் இருக்கட்டும். இன்று வேலையிலிருக்கும் ஒரு டிரைவரையாவது இதைச் சாக்கிட்டு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. காவல் அறையிலும், டிப்போவிலும், வண்டிக்குள்ளும் அவர்களுக்கு வேலை இருக்கின்றது.

வண்டிக்குள் என்று நாம் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தில் 2023 மே மாதம் எடின்பரோ பக்கத்தில் தானே ஓடும் பஸ் விட்டார்கள். அதில் டிரைவர் சீட்டில் ஒருவரும், பிரயாணிகளைக் கவனிக்க மற்றொருவரும் இருந்தார்கள். போதுமான ஜனங்கள் ஏறாததனால் 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். பஸ் தானே ஓடிவிட்டால் போதாது, ஜனங்கள் ஏறவேண்டும், அவர்களுக்குத் தேவையான இடத்துக்குப் போகவேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகின்றதல்லவா? இராத்திரி பத்து மணிக்குத் தனியாக ஏறும் பெண்ணுக்கு வண்டியின் புத்திசாலித்தனத்தைவிட, உள்ளே பொறுப்புள்ள ஒரு ஆள் இருப்பதே தைரியம் கொடுக்கும். நடக்க முடியாத கிழவியைக் கை பிடித்து ஏற்றுவதற்கு லேசர் கதிர் உதவாது. டிரைவர் இல்லாத வண்டி என்றால் ஆளே இல்லாத வண்டி என்று அர்த்தமாகிவிடக் கூடாது.

தோழர்களே! ஸ்டியரிங்கை யாரும் பிடிக்காத வண்டி என்று ஒன்று உலகத்தில் எங்கும் கிடையாது. பிடித்திருக்கும் கை நமக்குத் தெரியாமல் தூரத்தில் இருக்கும், அவ்வளவுதான். அது லாபத்துக்கு ஆசைப்பட்டவனுடைய கையானால், வண்டி லாபமுள்ள ஊருக்குப் போகும். அது ஜாதிக்குப் பயந்தவனுடைய கையானால், வண்டி ஜாதிக்காரர் தெருவில் நிற்கும். பொதுஜனங்களின் கையானால் மாத்திரமே அது கல்லுப்பட்டிக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, ரோட்டின் கடைசியிலிருக்கும் கடைசி வீட்டின் முன்னாலும் நிற்கும். வண்டி வருவதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகலாம். அதை நிறுத்த வேண்டிய இடங்களின் ஜாபிதாவை எழுதி வைப்பதற்கு இன்றைக்கே காலம் வந்துவிட்டது என்பதே நமது அபிப்பிராயம்.